மலிவான அக்சன், நேரான குழல்: ஓர் இலக்கு ரைபிள் துல்லியம் பெறுவது எப்படி?

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் பார்வையில் ஒரு ரைபிளில் ‘துப்பாக்கி’ என்பது ஒரேயொரு பாகம்தான். தொடர் இலக்கம் பொறிக்கப்பட்ட ‘ரிசீவர்’ எனும் எஃகுக் கூடு அது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அதை வியாபாரமாக விற்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். குழல், விசை, தோளில் அணைக்கும் கட்டை, தொலைநோக்கி ஆகிய மற்றவற்றை ஒருவர் உடுப்பு வாங்குவதுபோல அஞ்சலில் வரவழைத்துக்கொள்ளலாம். பிரித்தானியாவில் அப்படி முடியாது. அங்கே குழலுக்கும் அனுமதிப்பத்திரம் தேவை.

இந்தச் சட்ட வேறுபாட்டின் மேல்தான் அமெரிக்காவில் ஒரு பெரிய கைத்தொழில் நிற்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரண வேட்டை ரைபிளொன்றை வாங்குகிறார்கள். அதன் ரிசீவரையும் போல்ட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றுகிறார்கள். வைத்துக்கொள்ளும் அந்தப் பகுதிக்கு ‘அக்சன்’ என்று பெயர். ரவையை உள்ளே தள்ளிப் பூட்டி, வெடிக்கச் செய்து, வெறுங்கோதை வெளியே எறியும் இயந்திரம் அது. இப்படி உருவாகும் ரைபிள், தொழிற்சாலையிலிருந்து வந்த அதே அக்சனில் முன்பு கிடைத்ததைவிட இரண்டு, மூன்று மடங்கு நெருக்கமாக வெடிகளைச் சேர்க்கிறது.

இது ஏன் நமக்கு? துப்பாக்கியைப் பற்றி நமக்குச் சொல்லித்தரப் புதிதாக ஒன்றுமில்லை என்றுதான் நினைக்கிறோம். ஆனால் நாம் அறிந்தது பெரும்பாலும் அதன் வாய்ப்பக்கத்தை. தொலைநோக்கி பூட்டிய எதுவும் நமது செய்திகளில் ‘சினைப்பர்’ ஆகிவிடுகிறது. துல்லியம் என்பது சுடுபவரின் மந்திரம் அல்லது பெரும் விலையின் மகிமை என்று திரைப்படங்கள் நம்மை நம்பவைத்திருக்கின்றன. உண்மையில் அது லேத் பட்டறையில், ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்குகளில் தீர்மானமாகும் விடயம். இது செய்முறைக் கைநூல் அல்ல. அப்படியொரு ரைபிளின் உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கான விளக்கம் மட்டுமே.

நெருக்கத்தை எப்படி அளக்கிறார்கள்?

ஒரே இடத்தைக் குறிபார்த்துப் பல வெடிகள் வைக்கப்படும். கடதாசியில் விழுந்த துளைகளில் ஒன்றுக்கொன்று மிகத் தூரமாயுள்ள இரண்டின் மையங்களுக்கு இடையிலான தூரமே அளவு. இதைக் கோணமாகவும் சொல்வார்கள். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு ‘மினிற்’. 100 யார் தூரத்தில் அது 26.6 மில்லிமீற்றர், ஏறத்தாழ நமது பத்து ரூபாய் நாணயக் குற்றியின் அகலம். 100 மீற்றரில் 29 மில்லிமீற்றர்.

நல்ல தொழிற்சாலை வேட்டை ரைபிள் ஒரு மினிற்றுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ சுடும். மான் வேட்டைக்கு அது தாராளம். கவனமாகக் கட்டிய இலக்கு ரைபிள் அரை மினிற்றுக்குள் வரும். மேசையில் மணல் மூட்டைகளின் மேல் வைத்துச் சுடும் ‘பெஞ்ச்றெஸ்ட்’ போட்டியாளர்களோ வேறோர் உலகத்தில் இருக்கிறார்கள். 1973இல் மக் மக்மிலன் என்பவர் 100 யாரில் சுட்ட ஐந்து வெடிகளின் விரிவு 0.009 அங்குலம், கால் மில்லிமீற்றருக்கும் குறைவு. ஐந்து வெடிக்கும் கிட்டத்தட்ட ஒரே துளை. அந்தச் சாதனை நாற்பது ஆண்டுகள் நின்றது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இணையக் காணொளிகளில் மூன்று வெடிகளைச் சுட்டுவிட்டு ‘அரை மினிற்’ என்று மார்தட்டுகிறார்கள். வெடிகள் தற்செயலாகச் சிதறும் என்று கொண்டால், ஒரே ரைபிளில் மூன்று வெடித் தொகுதிகளின் சராசரி விரிவு பத்து வெடித் தொகுதிகளினதில் மூன்றில் இரண்டு பங்களவுக்கும் சற்றுக் குறைவாகவே இருக்கும். ரைபிள் மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறியது. அதிலும் பல தொகுதிகளில் நன்றாய் விழுந்த ஒன்றை மட்டும் காட்டினால் அது விளம்பரம். நாம் கருத்துக்கணிப்பைப் படிக்கும்போது எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று பார்ப்பதுபோல, இங்கும் எத்தனை வெடி என்று பார்க்க வேண்டும்.

ஏன் தொழிற்சாலை அக்சன்?

இந்தக் கதையின் நடுநாயகம் ரெமிங்டன் 700. 1962இல் சந்தைக்கு வந்தது. அதன் முன்னோடிகளான 721, 722 ஆகியன 1948இல் வந்தவை. இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் மைக் வாக்கர் என்ற பொறியியலாளர், தாமே பெஞ்ச்றெஸ்ட் போட்டிகளில் சுட்டவர். போருக்கு முந்தைய ரைபிள்களின் ரிசீவர்கள் பெரும் எஃகுக் கட்டியிலிருந்து பல திசைகளில் செதுக்கப்பட்டவை. 700இனது ரிசீவர் அடிப்படையில் ஒரு உருளை. உருண்டைக் கம்பியைக் கடைந்து செய்வது மலிவு. அதே காரணத்தால், பின்னாளில் ஒரு பட்டறைக்காரர் அதை மறுபடி லேத்தில் பூட்டி நேராக்குவதும் இலகு. செலவைக் குறைக்கச் செய்த தெரிவு துல்லியத்துக்கு வழிவிட்டது.

நேராக்குவது என்றால் என்ன? ரிசீவரின் உட்துவாரத்துக்கு நடுவே ஒரு கற்பனைக் கோடு இருக்கிறது. குழல் திருகப்படும் மரைகள், குழல் வந்து முட்டும் முகப்பு, போல்ட்டின் முகம், போல்ட்டை முன்னால் பூட்டிவைக்கும் இரண்டு பற்கள், அவை அமரும் தளங்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு நேராகவோ செங்குத்தாகவோ இருக்க வேண்டும். தொழிற்சாலை வேகத்தில் இவை சிறிது கோணலாகும். இரண்டு பற்களில் ஒன்று மட்டும் முழுதாக அமர்ந்தால், வெடிக்கும் கணத்தில் போல்ட் ஒரு பக்கம் வளையும். 308 வின்செஸ்டர் ரவைக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல். அந்த அடியில் சிறு கோணலும் பேசும். அதிலும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிப் பேசாது. சிதறல் பிறப்பது அங்கேதான்.

நாம் எங்கும் கண்ட ரி-56 இதற்கு நேரெதிரான சிந்தனை. அதன் அசையும் பாகங்களுக்கிடையே வேண்டுமென்றே இடைவெளி விடப்பட்டிருக்கிறது. சேறும் மணலும் புகுந்தாலும் இயங்க வேண்டும், இலட்சக்கணக்கில் உற்பத்தியாக வேண்டும் என்பதே நோக்கம். இலக்கு ரைபிள் அந்த இடைவெளிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மூடுகிறது. அதற்கு விலையாகத் தூசியைக் கண்டால் முறைத்துக்கொள்ளும்.

மற்றைய பெயர் சாவேஜ் 110. நிக்கலஸ் புறூவர் வடிவமைத்து 1958இல் வந்தது. இதுவும் செலவு குறைப்பதற்காகவே பிறந்தது. ஆனால் இரண்டு விடயங்கள் இதைத் தனித்துக் காட்டின. ஒன்று, பூட்டுப் பற்களுள்ள போல்ட்டின் தலை தனித் துண்டு. அது சற்று அசைந்து இரண்டு பற்களையும் தானே சமமாக அமரவிடும். இரண்டு, குழலைப் பிடித்திருக்கும் ஒரு பெரிய நட். அதைத் தளர்த்திக் குழலை மாற்றலாம், சரியான ஆழத்தில் நிறுத்தி மீண்டும் இறுக்கலாம். 700இல் லேத்தும் நிபுணரும் தேவைப்பட்ட வேலை, சாவேஜில் சாவியும் அளவுக்கட்டைகளும் இருந்தால் முடியும். அழகில் 700க்கு முன் நிற்காத இந்த ரைபிள், வசதி குறைந்த போட்டியாளர்களின் தெரிவானதற்கு அந்த நட்தான் காரணம்.

ஜப்பானின் ஹோவா 1500, பின்லாந்தின் டிக்கா போன்றவையும் இன்று இதே வேலைக்குப் பயன்படுகின்றன. கணினி வழி இயந்திரங்கள் வந்தபின் தொழிற்சாலை அக்சன்களின் கோணல் வெகுவாகக் குறைந்துவிட்டது. எனவே பழைய நூல்கள் வலியுறுத்தும் நேராக்கல் வேலைக்கு இன்று கொடுக்கும் பணம் எப்போதும் பலன் தருவதில்லை. முதலில் குழல் என்பதே என் வாசிப்பில் நியாயமான வரிசை.

குழல்

துல்லியத்தின் பெரும்பங்கு குழலுக்குள் இருக்கிறது. உட்புறம் வாய்வரை ஒரே விட்டமாக இருக்க வேண்டும். சன்னத்தைச் சுழற்றும் சுருள் வரிகள் சீராக இருக்க வேண்டும். தொழிற்சாலைகள் பெரும்பாலும் குழலைச் சுற்றிச் சுத்தியலால் அடித்து வரிகளைப் பதிக்கின்றன. வேகமும் மலிவும் அதில் உண்டு. இலக்குக் குழல் செய்பவர்கள் ஒரு சிறு வெட்டுக் கத்தியால் வரியை மெல்ல மெல்லச் செதுக்குகிறார்கள், அல்லது கடினமான ஒரு குமிழை உள்ளே இழுத்து வரியைப் பதிக்கிறார்கள். பிறகு கையால் உரைத்து மெருகேற்றுகிறார்கள். கிரீகர், பார்ட்லைன், லில்யா, ஷிலன் ஆகியவை இதில் அறியப்பட்ட பெயர்கள்.

வரி எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்பது சன்னத்தின் நீளத்தைப் பொறுத்தது. நீண்ட சன்னத்துக்கு வேகமான சுழற்சி வேண்டும். நீண்ட தூரப் போட்டிகளில் பரவலான 6.5 கிறீட்மோர் ரவைக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது வழக்கம். சுழற்சி போதாவிட்டால் சன்னம் காற்றில் தள்ளாடி, கடதாசியில் வட்டத் துளைக்குப் பதில் சாவித்துவாரம் போன்ற கிழிசலை விட்டுப்போகும்.

குழலின் பின்முனையில் ரவை அமரும் அறையைக் குடைவது நிபுணரின் வேலை. அறை குழலின் நடுக்கோட்டுக்கு நேராக இருந்தால்தான் சன்னம் வரிகளுக்குள் நேராக நுழையும். இன்னொரு விடயம் உயிரோடு சம்பந்தப்பட்டது. பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் அறையில் ரவை முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம் அது. 308இல் ஆகக்குறைந்த அளவுக்கட்டைக்கும் ‘இதற்கு மேல் போகாதே’ என்ற அளவுக்கட்டைக்கும் வித்தியாசம் 0.004 அங்குலம், ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒன்று. தூரம் கூடினால் பித்தளைக் கோது நீண்டு அறுந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பின்னால் பாயலாம். அளவுக்கட்டை இல்லாமல் குழல் மாற்றுபவர் மிச்சம்பிடிப்பது சில டொலர்களைத்தான்.

கட்டையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அக்சன் ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் அதே இடத்தில் வந்து அமர வேண்டும். மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். அதனால் அலுமினியத் தூண்களும் எப்பொக்சிப் பசையும் இட்டு அக்சனுக்கு அச்சொட்டான படுக்கை அமைக்கிறார்கள். குழல் எதிலும் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். அதைப் பார்ப்பதற்கு இன்றும் பழைய வழிதான்: ஒரு டொலர்த் தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு அக்சன்வரை இழுத்துப் பார்ப்பது.

விசை: மலிவு உயிர் குடித்த இடம்

ரெமிங்டன் 700 துல்லியத்துக்குப் பேர்போனதற்கு அதன் விசையும் ஒரு காரணம். கண்ணாடி உடைவதுபோலச் சடுதியாக விடுபடும் விசையை வாக்கர் வடிவமைத்தார். அதற்காக விசையின் முன்னே, அதோடு நிரந்தரமாகப் பிணைக்கப்படாத சிறு இணைப்புத் துண்டொன்றை வைத்தார். அடியூசியைத் தடுத்துநிற்கும் பாகத்தை இந்தத் துண்டுதான் தாங்குகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அது விசையிலிருந்து சற்று விலகி, வில்லின் தள்ளலால் திரும்பி வரும். அந்த இடுக்கில் தூசியோ உறைந்த எண்ணெயோ புகுந்தால் துண்டு முழுதாகத் திரும்பாது. பிறகு பாதுகாப்புப் பூட்டைத் திறந்தாலோ போல்ட்டைத் தொட்டாலோ, விசையில் விரல் வைக்காமலே ரைபிள் வெடிக்கலாம் என்பது வழக்குத் தொடுத்தோரின் வாதம்.

வாக்கர் 1940களிலேயே இந்த ஆபத்தை அறிந்திருந்தார். விசையைப் பூட்டிவைக்கும் ஒரு மாற்று வடிவத்தை நிறுவனத்துக்கு முன்மொழிந்தும் இருந்தார். ஒரு ரைபிளுக்கு ஐந்தரைச் சதம் மேலதிகச் செலவு. அது நடைமுறைக்கு வரவில்லை. தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், 2010இல் அமெரிக்கத் தொலைக்காட்சியொன்றின் புலனாய்வு நிகழ்ச்சியில் அவரே இதைப் பற்றிப் பேசினார்.

1982 வரை இந்த ரைபிள்களில் பாதுகாப்புப் பூட்டைத் திறக்காமல் போல்ட்டை அசைக்க முடியாது. அதாவது, ரவையை வெளியே எடுப்பதற்கே பூட்டைத் திறந்தாக வேண்டும். 2000ஆம் ஆண்டு மொன்டானா மாநிலத்தில் வேட்டைக்குப் போன ஒரு குடும்பத்தில் தாய் அப்படித்தான் பூட்டைத் திறந்தார். ரைபிள் வெடித்தது. குதிரை ஏற்றும் வண்டியை ஊடுருவிய சன்னம் அவரது ஒன்பது வயது மகனைக் கொன்றது. அந்தத் தந்தை பல ஆண்டுகள் ஆவணங்களைத் தேடித் திரட்டினார். பின்னர் எழுந்த குழு வழக்கில் எட்டப்பட்ட இணக்கத்தை 2017இல் நீதிமன்றம் ஏற்றது. ஏறத்தாழ 75 இலட்சம் துப்பாக்கிகளுக்கு அது பொருந்தியது. பெரும்பாலானவற்றுக்கு இலவசமாக விசை மாற்றித்தரப்படும் என்றது. நிறுவனம் குறையை ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. மாற்றித்தரும்படி விண்ணப்பித்தவர்களோ மிகச் சொற்பம்.

ஆவணங்களைத் தேடி அலையும் தந்தைமாரை நாமும் அறிவோம். அங்கே எதிரே இருந்தது அரசு அல்ல, கம்பனி. கடதாசி வெளியே வர எடுத்த காலம் மட்டும் நமக்குப் பழக்கமானது.

பழைய 700 அக்சனில் ரைபிள் கட்டுபவர்கள் இன்று முதலில் கழற்றி எறிவது இந்த விசையைத்தான். டிம்னி, ஜுவல், ரிக்கர்ரெக் போன்றோரின் விசைகளில் அந்த இணைப்புத் துண்டு இல்லை. ஆனாலும் இலக்கு விசை எதுவும் மெல்லிய தாங்கலில்தான் நிற்கிறது. விடுபடும் பாரத்தைக் குறைக்கக் குறைக்கத் தவறி வெடிக்கும் வாய்ப்புக் கூடும். அதனால்தான் போட்டிக் களங்களில் கட்டளை வரும்வரை போல்ட்டைத் திறந்து அறைக்குள் ஒரு நிறக்கொடியைச் செருகி வைக்கிறார்கள்.

ஒரே அக்சன், இரண்டு வாழ்வு

1966இல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை வியட்நாமுக்காகத் தெரிவுசெய்த எம் 40, ரெமிங்டன் 700தான். 1988இல் அமெரிக்க இராணுவம் ஏற்ற எம் 24 அதே அக்சனின் நீண்ட வடிவம். வேட்டைக் கடையில் விற்ற பொருள், போட்டியாளர் கைபட்டுத் துல்லியம் பெற்றது. போட்டியில் கற்றவை இராணுவப் பட்டறைக்குப் போயின. அங்கிருந்து திரும்பவும் போட்டிக்கு வந்தன. இரண்டையும் பிரிக்கும் சுவர் எதுவும் இரும்பில் இல்லை. விளையாட்டு என்ற சொல்லால் இதை மறைத்துவிட முடியாது. எனினும் தொலைநோக்கி பூட்டிய ஒவ்வொன்றையும் ‘சினைப்பர்’ என்பது அவ்வளவே தவறு. சொல்லைச் சரியாக எழுதினால்தான் சாட்சியம் நிற்கும்.

நீண்ட தூரப் போட்டிகளில் இன்று பெரிதும் பேசப்படும் ‘எஃப் கிளாஸ்’, கனடாவில் ஜோர்ஜ் பார்குவர்சன் என்ற முதிய சுடுநர் தொடங்கியது. அதன் முதலெழுத்து அவரது பெயரிலிருந்தே வந்தது. வயதால் கண்ணும் கையும் தளர்ந்தவர்கள் தொலைநோக்கியுடனும் முன்தாங்கியுடனும் படுத்தபடி சுட வழிசெய்வதே அவரது நோக்கம். அதன் ஒரு பிரிவில் 223, 308 ஆகிய இரு ரவைகளுக்கு மட்டும் அனுமதி. எடை 8.25 கிலோகிராமுக்குள் இருக்க வேண்டும். மலிவான அக்சனில் கட்டிய ரைபிள்கள் மதிப்போடு நிற்கும் இடம் அது.

அங்கே ரைபிளைவிடக் காற்றுத்தான் எதிரி. மணிக்கு 10 மைல் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் சாதாரணக் காற்று, 600 யாரில் ஒரு 308 சன்னத்தை ஏறத்தாழ முக்கால் மீற்றர் தள்ளிவிடும். அதன் முன்னே கால் மினிற்றுக்கும் அரை மினிற்றுக்கும் உள்ள வித்தியாசம் அற்பம்.

செலவும் தேய்வும்

தொழிற்சாலை ரைபிளொன்று சுமார் 500 டொலர். தரமான வெற்றுக் குழல் 400 டொலர் அளவில் வரும். அறை குடைந்து பூட்டும் கூலியும் கிட்டத்தட்ட அவ்வளவு. விசைக்கு 200 டொலர். கட்டை 300இலிருந்து எங்கே வேண்டுமானாலும் போகும். போட்டிக்கெனத் தனியாகச் செய்த அக்சன் மட்டுமே 1,000 டொலருக்கு மேல். இந்த வித்தியாசம்தான் மலிவு அக்சனை வாழவைக்கிறது. தொலைநோக்கி, ரவை பற்றிக் கேட்காதீர்கள். அங்கேதான் பணப்பை உண்மையில் காலியாகிறது.

இலங்கையில் இவ்வேலைக்கு இடமில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வைத்திருக்கவும் செய்யவும் திருத்தவும் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

குழலும் நிலையானதல்ல. ஒவ்வொரு வெடியிலும் அறைக்கு முன்னே உள்ள வரிகளை வாயு சிறிது சிறிதாக அரிக்கிறது. 6.5 கிறீட்மோர் குழல் 2,000 முதல் 3,000 வெடிகள்வரை போட்டித் தரத்தில் நிற்கும். 308 அதைவிட நெடுநாள் உழைக்கும். பிறகு துளைகள் மெல்ல அகலும், முதலில் சுடுபவர் தன்னையே சந்தேகிப்பார். தேய்ந்த குழலைக் கழற்றி அதே அக்சனில் இன்னொன்றைத் திருகுவார்கள். ஒரு அக்சன் இப்படி நான்கு, ஐந்து குழல்களைத் தின்றுவிட்டும் தொடர் இலக்கம் அழியாமல் இருக்கும்.